குறைத்த நிறையைக் காப்பது குடும்பத்தின் வேலை

இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்களில் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு வைத்தியர் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "நிறையைக் குறையுங்கள்." நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று எந்த வருத்தத்துக்காகக் கிளினிக்குக்குப் போனாலும் இந்தச் சொல் காதில் விழுகிறது. பலர் அதைக் கேட்டு நடக்கவும் செய்கிறார்கள். இரவில் சோற்றை விட்டு, தேநீரில் சீனியை விட்டு, விடிய எழும்பி நடந்து, மூன்று நான்கு மாதத்தில் 5 கிலோ, 8 கிலோ குறைக்கிறார்கள். ஆனால் அடுத்த வருடம் பார்த்தால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. "இவருக்கு வாயைக் கட்டத் தெரியாது" என்று வீட்டில் குறை சொல்கிறார்கள். அவரும் வெட்கப்பட்டுக் கிளினிக்குக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்.

இவ்விடயத்தில் ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நிறையைக் குறைப்பது ஒரு வேலை. குறைத்ததைக் காப்பது இன்னொரு வேலை. பற்றை பிடித்த காணியை நாலு பேரைக் கூட்டி நாலு நாளில் வெட்டித் துப்புரவாக்கலாம். அந்தக் காணியில் பற்றை மீண்டும் எழாமல் பார்ப்பது வருடம் முழுவதும் செய்யும் வேலை. அதை ஒருவர் தனியே செய்தால் களைத்துப் போவார். வீடு சேர்ந்து செய்தால் முடியும். அது ஏன், எப்படி என்பதையே இங்கு விளக்குகிறோம்.

நிறை கூடியது எப்படி?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 2006இல் சம்பூரிலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள் தோட்டத்தையும் கிணற்றையும் மாடுகளையும் விட்டு வந்தன. பின்னர் சிலர் திரும்பிப் போனார்கள். வேறு சிலர் போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள். மண்வெட்டி பிடித்த கைகள் கடையிலும், காவல் வேலையிலும், தையல் மெசினிலும் பிழைக்கப் பழகின.

60 கிலோ நிறையுள்ள ஒருவர் 1 மணித்தியாலம் நிலத்தைக் கொத்தினால் ஏறக்குறைய 300 கலோரி சக்தி செலவாகிறது. அவரே கதிரையில் இருந்தால் ஏறக்குறைய 80 கலோரிதான் செலவாகும். நாளுக்கு 4 மணித்தியாலம் கொத்தியவர் காவற்காரராக அமர்ந்துவிட்டால் 900 கலோரிக்குக் கிட்டச் செலவாகாமல் மிஞ்சுகிறது. கோப்பையில் போடும் சோறோ பழைய அளவுதான்.

இதனுடன் உணவும் மாறியது. தோட்டத்தில் பிடுங்கிய கீரையும் கத்தரிக்காயும் காசுக்கு வாங்கும் பொருளாகின. நிவாரணத்தில் வந்த மா, சீனி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றில் வீட்டுச் சமையல் ஊன்றிக்கொண்டது. 450 கிராம் பாணில் பாதியைச் சாப்பிட்டால் ஏறக்குறைய 600 கலோரி. தேநீருக்கு மூன்று கரண்டி சீனி வீதம் நாளுக்கு ஆறு தேநீர் குடித்தால் 18 தேக்கரண்டி. அது ஏறக்குறைய 90 கிராம் சீனி, 360 கலோரி. ஒரு மாதத்தில் ஒருவர் தேநீரில் மட்டும் 2½ கிலோவுக்கு மேல் சீனி குடித்துவிடுகிறார். இதில் பெருந்தீனி என்று சொல்ல ஒன்றுமில்லை. வேலை மாறியது, பழக்கம் மாறவில்லை, நிறை கூடியது.

உடல் பட்டினியை மறப்பதில்லை

குறைத்த நிறை ஏன் திரும்புகிறது என்பதற்கான முதல் தெளிவான பாடம் ஒரு போர்க்காலத்திலிருந்து வந்தது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஓர் ஆய்வு செய்தார். ஐரோப்பாவில் போரினால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிவதே நோக்கம். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். 24 கிழமைகள் அவர்களுக்கு ஏறக்குறைய அரை வயிற்றுச் சாப்பாடு கொடுக்கப்பட்டது. அவர்களுடைய நிறை காற்பங்கு அளவு குறைந்தது. இதயத் துடிப்பு மெதுவாகியது. எந்நேரமும் குளிர்ந்தது. நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றிய நினைவே இருந்தது. சிலர் சமையல் புத்தகங்களை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். மீண்டும் நிறையச் சாப்பாடு கொடுத்தபோது சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. தசை தேறுவதற்கு முன் கொழுப்பு வந்து சேர்ந்தது.

பசியை அறிந்த எமது மக்களுக்கு இது புரியாத விடயமல்ல. இடப்பெயர்வில் கிடந்த பட்டினியும், வைத்தியர் சொல்லிச் செய்கின்ற உணவுக் கட்டுப்பாடும் எமக்கு வேறுவேறானவை. உடலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சேமிப்பு குறைகிறது என்று கண்டதும் அது செலவைச் சுருக்கிக்கொண்டு, பசியைக் கூட்டுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதும் இப்போது ஓரளவு தெரியும். 1994இல் லெப்டின் என்ற ஓமோன் கண்டுபிடிக்கப்பட்டது. உடலிலுள்ள கொழுப்பே இதைச் சுரக்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும்; மூளை அதைப் பஞ்சத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தேடச் செய்கிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் நிறை குறைத்த 50 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு, நிறை குறைத்து ஒரு வருடம் கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்காக மிகக் கடுமையாக நிறை குறைத்த 14 பேரை 6 வருடம் கழித்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய உடல் ஓய்வில் செலவிடும் சக்தி, எதிர்பார்க்கக்கூடிய அளவிலும் ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே இருந்தது. பெரும்பாலானோருக்கு நிறையும் திரும்பியிருந்தது.

அண்மைக் காலத்தில் பேசப்படும் செமகுளூட்டைட் ஊசிக்கும் இதே கதைதான். ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஆகவே நிறை திரும்பி வருபவரைச் சோம்பேறி என்றோ வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர் என்றோ ஏசுவது நியாயமில்லை. அவர் தன் உடலின் இழுப்புக்கு எதிராக நாள்தோறும் நிற்கிறார். அவருக்குத் தேவை துணை.

காத்தால் என்ன இலாபம்?

இவ்வளவு பாடுபட்டுக் காக்க வேண்டுமா என்று கேட்கலாம். பிரித்தானியாவில் நீரிழிவு வந்து 6 வருடத்துக்கு உட்பட்ட ஏறக்குறைய 300 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முதற் பேறுகள் 2017இல் வெளிவந்தன. பாதிப்பேருக்கு வழமையான சிகிச்சை. மற்றப் பாதிப்பேருக்கு நிறை குறைக்கும் திட்டம். திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதமானோருக்கு ஒரு வருட முடிவில் மருந்தில்லாமலே இரத்தச் சீனி நீரிழிவு அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. இரண்டாம் வருட முடிவில் இது 36 சதவீதமாகக் குறைந்தது. நிறையைக் காத்தவர்களுக்கு அந்த நன்மை பெரும்பாலும் நிலைத்தது. நிறை திரும்பியவர்களுக்குச் சீனியும் திரும்பியது.

நீரிழிவு வராதவர்களுக்கும் இதில் நம்பிக்கை உண்டு. 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்றவர்களுக்கு இரண்டு இலக்குகள் கொடுக்கப்பட்டன: நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் விரைவாக நடப்பது. ஏறக்குறைய மூன்று வருட காலத்தில் அவர்களிடையே நீரிழிவு வருவது 58 சதவீதத்தால் குறைந்தது. 75 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது 5 கிலோ சொச்சம்தான். 20 கிலோ குறைத்துப் பறிகொடுப்பதிலும் பார்க்க, 5 கிலோ குறைத்துக் காப்பது மேல்.

நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இதன் பொருள் இன்னும் பெரிது. காலில் புண் ஆறாமல் வைத்தியசாலையில் கிடந்தால் உழைப்பும் போய்விடும், பக்கத்தில் நிற்பவரின் உழைப்பும் போய்விடும்.

யார் நிறை குறைக்கக் கூடாது?

மேலே போகுமுன் ஓர் எச்சரிக்கை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் தாமாக உணவைக் குறைக்கக் கூடாது. முதுமையால் மெலிந்து வருபவர்களும் குறைக்கக் கூடாது. முயற்சி செய்யாமலே ஒருவருக்கு நிறை இறங்கினால் மகிழ வேண்டாம். அது கசநோய், கட்டுப்படாத நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றின் அடையாளமாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். இன்சுலின் அல்லது நீரிழிவுக் குளிசை எடுப்பவர்கள் உணவைக் குறைக்குமுன் கிளினிக்கில் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம்.

காத்தவர்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. 14 கிலோ அளவில் குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்களே அதில் சேரலாம். 10,000க்கு மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் நிறையைக் குறைத்த வழிகள் பலவிதம். காத்த வழிகளில் மட்டும் ஓர் ஒற்றுமை தெரிந்தது. பெரும்பாலானோர் நாளுக்கு ஏறக்குறைய 1 மணித்தியாலம் உடலை அசைத்தார்கள். நாலில் மூன்று பங்கினர் கிழமைக்கு ஒரு தடவையாவது நிறை பார்த்தார்கள். காலைச் சாப்பாட்டை விடவில்லை. தொலைக்காட்சிக்கு முன் அதிகம் இருக்கவில்லை.

2006இல் வெளிவந்த வேறொரு ஆய்வில், நிறை குறைத்த 314 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கடிதங்கள் மட்டும் அனுப்பினார்கள். இன்னொரு பிரிவினர் ஒன்றாகக் கூடி நேரில் சந்தித்தார்கள். நாளாந்தம் நிறை பார்க்கப் பழகினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு இதே பாடங்கள் கணினி வழியாக நடந்தன. 18 மாதத்தில் 2.3 கிலோ அல்லது அதற்கு மேல் திரும்பியவர்கள் கடிதப் பிரிவில் 72 சதவீதம். நேரில் கூடிய பிரிவில் 46 சதவீதம். அறிவுரை எழுதி அனுப்புவதிலும் பார்க்க, கூடி இருந்து பார்ப்பது பயன் தந்தது. இந்தக் கட்டுரையும் ஒரு கடிதம் போன்றதே. இதை வாசித்து மடித்து வைத்தால் போதாது.

எமது வீடுகளில் செய்யக்கூடியவை

1. கிழமைக்கு ஒருநாள் நிறை பாருங்கள். ஒரே தராசில், ஒரே நாளில், காலையில் வெறுவயிற்றில் பாருங்கள். வீட்டில் தராசு இல்லாவிட்டால் சனசமூக நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ எல்லாரும் சேர்ந்து ஒன்று வாங்கி வைக்கலாம். நிறையைச் சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். குறைத்து முடித்த அன்று இருந்த நிறையே உங்கள் வரம்பு. அதிலிருந்து 1 கிலோவுக்குள் நின்றால் பச்சை. 1 கிலோவைத் தாண்டினால் மஞ்சள். அந்தக் கிழமையே சோற்றின் அளவையும் பலகாரத்தையும் பாருங்கள். 2 கிலோவைத் தாண்டினால் சிவப்பு. நிறை குறைத்த காலத்தில் செய்ததை அப்படியே மீண்டும் தொடங்குங்கள். 2 கிலோவை இறக்குவது இலகு. 8 கிலோ ஏறும்வரை பார்த்திருந்தால் மனம் விட்டுவிடும்.

தராசே கிடைக்காதவர்கள் ஒரு நூலை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை அதே நூலால் சுற்றிப் பாருங்கள். எம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட இடுப்பு ஆபத்தின் அடையாளம்.

2. ஒரே பானையை மாற்றுங்கள். ஒருவருக்கு மட்டும் வேறு சமையல் என்பது நீடிக்காது. அவருக்கு அது தண்டனை போலவும் இருக்கும். எல்லாருக்கும் நல்ல சமையலைச் செய்து, அளவை மட்டும் ஆளுக்கேற்ப மாற்றுங்கள். வளர்ந்தவரின் கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும். காற்பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு, கௌபி போன்றவை. மீதிக் காற்பங்கு சோறோ பிட்டோ இடியப்பமோ. நெத்தலியும் சூடையும் விலை கூடிய மீன்களல்ல. முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் வரும். காணியில்லாதவர்கள் பழைய வாளியிலும் உரப்பையிலும் கீரை போடலாம். பிள்ளைகளுக்குச் சோற்றையும் பாலையும் குறைக்க வேண்டாம்.

3. சீனியைப் படிப்படியாக விடுங்கள். மூன்று கரண்டியை இரண்டாக்கி, இரண்டு கிழமை கழித்து ஒன்றாக்குங்கள். நாக்கு பழகிவிடும். பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பவர்கள் சிறு துண்டோடு நிறுத்த வேண்டும், பனங்கட்டியும் இனிப்புத்தான். வரும் விருந்தினருக்கும் "சீனி எவ்வளவு?" என்று கேட்டுப் போடும் வழக்கத்தைத் தொடங்குவோம்.

4. உடலுக்கு வேலை கொடுங்கள். நிறையைக் குறைப்பதில் சாப்பாடு பெரும்பங்கு. காப்பதில் உடல் அசைவின் பங்கு கூடுகிறது. நாளுக்கு 40 நிமிடம் முதல் 1 மணித்தியாலம்வரை தேவை. அதை ஒரே தடவையில் செய்ய வேண்டியதில்லை. சந்தைக்குச் சைக்கிளில் போவது, தண்ணீர் அள்ளுவது, வளவைக் கூட்டுவது, பாத்தி கொத்துவது எல்லாம் கணக்கில் சேரும். மாலையில் பெண்கள் தனியே நடக்கத் தயங்கும் இடங்களில் நாலைந்து பேராகச் சேர்ந்து நடக்கலாம்.

5. பேச்சைக் கவனியுங்கள். ஒருவர் மெலிந்தால் எமது ஊர்களில் முதற் கேள்வி, "என்ன, வாடிப்போனியள்? ஏதும் வருத்தமோ?" என்பதுதான். பஞ்சத்தைக் கண்ட மக்களுக்கு உடம்பு வைப்பது நல்ல காலத்தின் அடையாளம். மெலிவு துன்பத்தின் அடையாளம். அன்பாகக் கேட்கும் இந்தக் கேள்வியே பலரைப் பழைய நிறைக்குத் தள்ளிவிடுகிறது. "இன்னும் ஓர் அகப்பை போடுறன், எனக்காகச் சாப்பிடுங்கோ" என்ற உபசாரமும் அப்படித்தான். "நல்லாக் காத்து வைச்சிருக்கிறியள்" என்று சொல்லப் பழகுவோம்.

6. அம்மாவை மறக்காதீர்கள். அப்பாவுக்கு வருத்தம் என்றால் அம்மா பார்த்துச் சமைக்கிறார். அம்மாவுக்கு வருத்தம் என்றால் அவருக்காகப் பார்ப்பவர் யார்? பிள்ளைகள் மிச்சம் விட்ட சோற்றை வீணாக்க மனமில்லாமல் சாப்பிடுபவரும், எல்லாரும் சாப்பிட்ட பின் களைத்துப்போய்க் கடைசியில் சாப்பிடுபவரும் அவரே. அவருடைய கோப்பையை முதலில் போட்டு வையுங்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழஞ்சோறாகும். அதற்கேற்பப் பாணைக் குறைக்கலாம். அவர் நடக்கப் போகும் அரை மணித்தியாலத்துக்கு வீட்டில் வேறொருவர் அடுப்பைப் பார்க்கட்டும்.

நிறை திரும்பும் காலங்கள்

நிறை பெரும்பாலும் சாதாரண நாட்களில் திரும்புவதில்லை. திருவிழா, கலியாணம், தைப்பொங்கல், நத்தார் என்று பலகாரம் நிறைந்த நாட்கள் ஒரு பக்கம். செத்தவீடு, பிள்ளையின் வருத்தம், வேலை பறிபோதல், வெள்ளத்தால் மீண்டும் பாடசாலைக் கட்டிடத்தில் தங்குதல் என்று துன்ப நாட்கள் மறுபக்கம். துன்ப நாட்களில் ஒருவர் தேநீரும் பாணுமாகவே காலத்தைத் தள்ளிவிடுகிறார்; நடையும் நின்றுவிடுகிறது. கொண்டாட்ட நாளில் கொண்டாடுங்கள். அடுத்த நாள் வழமைக்குத் திரும்புங்கள். துன்பக் காலத்தில் மூன்றை மட்டும் விடாதீர்கள்: காலைச் சாப்பாடு, சிறிது நடை, கிழமைக்கு ஒருமுறை நிறை பார்த்தல். மற்றதெல்லாம் பிறகு சீராக்கலாம்.

எல்லாம் செய்தும் சிலருக்கு நிறை கொஞ்சம் திரும்பும். 8 கிலோ குறைத்தவருக்கு 3 கிலோ திரும்பினால் 5 கிலோ இன்னும் அவரிடம் இருக்கிறது. அந்த 5 கிலோ அவருடைய இரத்த அழுத்தத்துக்கும் முழங்காலுக்கும் இப்போதும் உதவி செய்துகொண்டிருக்கிறது. கலண்டரில் புதிய வரம்பை எழுதி அங்கிருந்து காக்கத் தொடங்கலாம். கிளினிக் திகதியை எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் நிறையும் இரத்த அழுத்தமும் காசில்லாமல் பார்ப்பார்கள். நிறை கூடிவிட்டது என்ற வெட்கத்துக்காக அதை இழக்கக் கூடாது.

இந்தக் கிழமையே ஒன்று செய்யுங்கள். வீட்டில் நிறை குறைத்தவர் யாராவது இருந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் இருக்கும்போது அவரிடம் கேளுங்கள்: "நாங்கள் எதை மாற்றினால் உங்களுக்கு இலகுவாக இருக்கும்?" அவர் சொல்வதில் ஒன்றை அடுத்த நாள் காலையே மாற்றுங்கள். அது தேநீர்ச் சீனியாக இருக்கலாம், மாலையில் அவரோடு நடக்கும் ஒரு துணையாக இருக்கலாம். ஒரு மாதம் கழிந்து கலண்டரைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யுங்கள்.